கிட்னில வச்ச டிஜே ஸ்டென்ட் எத்தனை நாள் உள்ள இருக்கலாம்?

கிட்னி கல்லுக்கு லேசர் பண்ணிட்டு வீட்டுக்கு வர்றவங்க நிறைய பேரோட டிஸ்சார்ஜ் சம்மரில "டிஜே ஸ்டென்ட் இன் சிட்டு"ன்னு ஒரு வரி இருக்கும், கடைசி பக்கத்துல "ரிவ்யூ ஆஃப்டர் 2 வீக்ஸ் ஃபார் ஸ்டென்ட் ரிமூவல்"னு இன்னொரு வரி இருக்கும். மாத்திரை காலைல எத்தனை ராத்திரி எத்தனைன்னு மட்டும் பாத்துட்டு ஃபைல பீரோல வச்சிடுறோம். ஆனா அந்த ஃபைல்லயே நாம மறக்கவே கூடாத வரி அதுதான். உள்ள ஒரு டியூப் இருக்கு, அத குறிச்ச தேதியில வெளிய எடுத்தே ஆகணும்னு அர்த்தம்.

இதுல பெரிய குழப்பம் எங்க வருதுன்னா, ஸ்டென்ட்னாலே நம்ம ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஹார்ட்டுக்கு வைக்கிறதுதான். அது உலோக வலை, ரத்தக்குழாய்ல வச்சா ஆயுசுக்கும் அங்கயே இருக்கும், யாரும் திரும்ப எடுக்க மாட்டாங்க. அதனால "கிட்னிக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு"ன்னு கேட்டதும் வீட்ல எல்லாரும் "சரி, வச்சாச்சு, வேலை முடிஞ்சது"ன்னு நெனச்சிடுறாங்க. கிட்னி ஸ்டென்ட் அப்படி இல்லவே இல்ல, அது தற்காலிகமா வைக்கிறது, அதுக்கு ஒரு கெடு உண்டு.

சரி, முதல்ல அது என்னன்னு பாத்துரலாம். கிட்னில உண்டாகுற யூரின் கீழ மூத்திரப்பைக்கு இறங்கி வர்ற மெல்லிசான குழாய்க்கு யூரேட்டர்னு பேரு, பெரியவங்களுக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், உள் அகலம் சில மில்லிமீட்டர்தான். கல்லு இறங்கி வந்து மாட்டிக்கிட்டு உயிர் போற வலி வருதே, அது பெரும்பாலும் இந்தக் குழாய்லதான். ஸ்டென்ட்ங்கிறது இந்தக் குழாய்க்குள்ள போடுற இன்னொரு மெல்லிசான பிளாஸ்டிக் டியூப், கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தடிமன், நீளம் பெரியவங்களுக்கு அதிகமா போடுறது 24 இல்லன்னா 26 சென்டிமீட்டர், டியூப் முழுக்க சின்ன சின்ன ஓட்டை. மேல் முனை சுருண்டு கிட்னிக்குள்ள உக்காந்துக்கும், கீழ் முனை சுருண்டு மூத்திரப்பைக்குள்ள உக்காந்துக்கும். 1967-லயே சிலிகான் டியூப் வச்சு பாத்திருக்காங்க, ஆனா அது நேரா இருந்ததால வச்ச இடத்துல நிக்காம நழுவிடும், அதுக்கப்புறம் 1978-ல ஃபின்னின்னு ஒரு அமெரிக்க டாக்டர் ரெண்டு முனையும் ஆங்கில ஜே எழுத்து மாதிரி வளைஞ்ச டியூப கொண்டு வந்தாரு, அதனாலதான் டபுள் ஜே, சுருக்கமா டிஜே. வெளிய இருந்து பாத்தா எதுவும் தெரியாது, தையல் கிடையாது, பை கிடையாது. மறந்து போறதுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

எதுக்கு வைக்கிறாங்கன்னா, கல்ல லேசர் வச்சு உடைச்சதுக்கு அப்புறம் அந்தக் குழாய் உள்ள புண்ணாகி வீங்கியிருக்கும், வீக்கத்துல அடைச்சுக்கிட்டா கல்லு இல்லாமலே திரும்ப அதே வலி வரும், யூரின் தேங்கும், காய்ச்சல் வரும். ஸ்டென்ட் இருந்தா யூரின் டியூப் உள்ளயும் இறங்கும், டியூப ஒட்டி வெளிப்பக்கமாவும் இறங்கும், புண்ணு ஆற வரைக்கும் வழி திறந்தே இருக்கும். இன்னொன்னு, ஸ்டென்ட் உள்ள இருந்தா அந்தக் குழாய் கொஞ்ச நாள்ல தானா தளர்ந்து அகலமாயிடும். அதனால சில பேருக்கு முதல் தடவை கல்ல உடைக்கிற கருவி குழாய்க்குள்ள ஏறாதப்ப டாக்டர் பலவந்தமா ஏத்தாம ஸ்டென்ட மட்டும் வச்சுட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு சொல்லுவாரு.

இங்கதான் நிறைய பேர் கோவப்படுறாங்க, "கல்ல எடுக்காம டியூப மட்டும் வச்சு அனுப்பிட்டாங்க, ரெண்டு தடவை பில் போடப் பாக்குறாங்க"ன்னு. அது தப்பான எண்ணம். அதுவும் கல்லு அடைச்சு, மேல தேங்கின யூரின்ல சீழ் புடிச்சு, குளிர் ஜுரத்தோட வர்றவங்களுக்கு அந்த நேரத்துல கல்ல உடைக்கப் போனா கிருமி ரத்தத்துல ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும். முதல்ல ஸ்டென்ட வச்சோ இல்ல முதுகு வழியா டியூப் போட்டோ சீழ இறக்கி, ஆன்டிபயாட்டிக் குடுத்து, இன்ஃபெக்ஷன் அடங்கின அப்புறம்தான் கல்லு பக்கமே போகணும். அந்த மாதிரி நேரத்துல அந்தச் சின்ன டியூப்தான் ஆள காப்பாத்துது.

இப்ப மெயின் கேள்வி, எத்தனை நாள். எல்லாருக்கும் பொதுவா ஒரே நம்பர் கிடையாது, எதுக்காக வச்சாங்கங்கிறத பொறுத்துதான். சின்ன கல்லு, சிக்கல் இல்லாம எடுத்தாச்சுன்னா சில நாள்லயே எடுத்துடலாம், பொதுவா ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம், நம்ம ஊர்ல ரெண்டு மூணு வாரம் குடுக்குறதும் சகஜம். ஒரு கேள்வி இங்க நீங்க தாராளமா கேக்கலாம், "ஸ்டென்ட் கண்டிப்பா வேணுமா டாக்டர்"னு. குழாய்ல காயம் எதுவும் ஆகல, சுருக்கம் இல்ல, இன்னொரு கிட்னி நல்லா இருக்கு, திரும்ப ஆபரேஷன் பண்ற பிளான் இல்லன்னா ஸ்டென்ட் வைக்காமயே விடலாம்னு அமெரிக்கன் யூராலஜிக்கல் அசோசியேஷன்ங்கிற யூரின் பாதை டாக்டருங்க சங்கத்தோட வழிகாட்டுதல்லயே இருக்கு. ஆனா உள்ள கேமரா விட்டு பாக்குறது அவருதான், அதனால கடைசி முடிவு அவரோடது.

கிட்னியும் யூரேட்டரும் சேர்ற இடத்துல பிறவியிலயே அடைப்பு இருந்து அத வெட்டித் தச்சிருந்தாங்கன்னா, பைலோபிளாஸ்டின்னு சொல்லுவாங்க, தையல் ஆறணும், அதனால நாலுல இருந்து ஆறு வாரம். குழாய்ல காயம் பட்டு ரிப்பேர் பண்ணிருந்தாலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். கிட்னி மாத்து ஆபரேஷன் பண்ணவங்களுக்கு புது கிட்னிய மூத்திரப்பையோட இணைச்ச இடத்துக்காக ஸ்டென்ட் வைப்பாங்க, ரெண்டுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள எடுத்துடுவாங்க, அவங்க எதிர்ப்பு சக்திய குறைக்குற மாத்திரை சாப்புடுறதால உள்ள டியூப் அதிக நாள் கெடந்தா இன்ஃபெக்ஷன் சீக்கிரம் வந்துடும்.

கேன்சர் கட்டி வெளிய இருந்து குழாய அமுக்குதுன்னா கதை வேற. கர்ப்பப்பை வாய் கேன்சர்ல இது நடக்கும், குடல் கேன்சர், ப்ராஸ்டேட் கேன்சர்லயும் நடக்கும். அங்க அடைப்பு தானா சரியாகாது, அதனால ஸ்டென்ட் வருஷக்கணக்குல தேவைப்படலாம், ஆனா அதே டியூப் வருஷக்கணக்குல இருக்கக் கூடாது, மூணு மாசத்துக்கோ நாலு மாசத்துக்கோ ஒருக்கா பழச எடுத்துட்டு புதுசு மாத்தணும். இதுக்குன்னே உலோகத்துல செஞ்ச ஸ்டென்ட் இருக்கு, அது ஒரு வருஷம் வரைக்கும் தாங்கும், வெலை அதிகம், எல்லாருக்கும் ஒத்து வராது.

கர்ப்பிணிகளுக்கு இதுக்கு நேர் எதிர். கர்ப்ப காலத்துல யூரின்ல கால்சியம் அதிகமா போகும், அதனால ஸ்டென்ட் மேல உப்பு ரொம்ப சீக்கிரமா கட்டிடும், மத்தவங்களுக்கு மூணு மாசம் தாங்குற டியூப அவங்களுக்கு நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒருக்கா மாத்துவாங்க. அஞ்சாம் மாசத்துல வச்ச ஸ்டென்ட "பிரசவத்தோட சேத்து பாத்துக்கலாம்"னு வீட்ல பெரியவங்க சொன்னா கேக்காதீங்க, யூராலஜி டாக்டர்கிட்டயும் பிரசவம் பாக்குற டாக்டர்கிட்டயும் ரெண்டு பேர்கிட்டயுமே பேசுங்க.

ஆக சாதாரண பிளாஸ்டிக் ஸ்டென்ட்டுக்கு பொதுவா மூணு மாசம்தான் எல்லைன்னு மனசுல வச்சுக்கோங்க. கம்பெனிக்காரங்க சில டியூபுக்கு ஆறு மாசம், ஒரு வருஷம்னு கூட போட்டிருப்பாங்க, அத பாத்துட்டு நமக்கு டைம் இருக்குன்னு விடக் கூடாது, உங்க உடம்புக்கு டாக்டர் எழுதின தேதிதான் உங்க தேதி.

ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றேன்னா, உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே புரியும். டியூப் உள்ள போன கொஞ்ச நாள்லயே அது மேல யூரின்ல இருக்குற புரதம் ஒரு படலமா ஒட்டிக்கும், அந்தப் படலத்துல கிருமி குடியேறும், அதுக்கு மேல கால்சியம் உப்பு படிய ஆரம்பிக்கும். போர் தண்ணி ஊத்துற ஹீட்டர் காயில்ல வெள்ளையா கல்லு மாதிரி ஏறிக்குமே, அதேதான். ஏற்கனவே கல்லு உண்டாகுற உடம்புங்கிறதாலதான் இந்த ஆளு ஆபரேஷனுக்கே வந்தாரு, அதே யூரின்தான் இப்ப அந்த டியூப் மேலயும் ஓடுது. 1991-ல வெளியான ஒரு ஆய்வுல கல்லு நோயாளிங்ககிட்ட இருந்து எடுத்த ஸ்டென்ட்டுகள பாத்திருக்காங்க, ஆறு வாரத்துக்குள்ள எடுத்ததுல 9.2 சதவீதம்தான் உப்பு கட்டியிருந்துச்சு, ஆறுல இருந்து பன்னெண்டு வாரத்துல எடுத்ததுல 47.5 சதவீதம், அதுக்கும் மேல போனதுல 76.3 சதவீதம். ஆறு வாரத்துக்கும் மூணு மாசத்துக்கும் நடுவுல எவ்வளவு வேகமா ஏறுது பாருங்க, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்"ங்கிற அந்த ஒரு மாசத்துக்கு அவ்வளவு வெலை இருக்கு.

இதுல பயமுறுத்துற விஷயம், இதெல்லாம் சத்தமே இல்லாம நடக்கும். ஸ்டென்ட் வச்ச முதல் வாரம் எரிச்சல், அடிக்கடி பாத்ரூம், இடுப்புக்கு மேல வலின்னு படாத பாடு பட்டவங்களுக்குக் கூட நாள் போகப் போக உடம்பு பழகி சில பேருக்கு தொந்தரவு அடங்கிடும். வலி போச்சு, வேலைக்குப் போறேன், நல்லா சாப்புடுறேன், அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரின்னு தோணும். துபாய்ல இருந்து லீவுல வந்த எடத்துல கல்லு வலி வந்து இங்க ஆபரேஷன் பண்ணிட்டு, ஸ்டென்ட எடுக்காமலே ஃப்ளைட் ஏறிப் போய், அடுத்த லீவுக்கு ஒன்றரை வருஷம் கழிச்சு வர்றவங்க கதை எல்லாம் யூராலஜி வார்டுல சர்வ சாதாரணம். வெளியூர்ல ஆபரேஷன் பண்ணவங்களும் இப்படித்தான், எடுக்க காசு இல்லாம தள்ளிப் போட்டவங்களும் இப்படித்தான், ஸ்டென்ட் வச்ச விஷயமே தனக்குத் தெரியாதுன்னு சொல்ற வயசானவங்களும் இருக்காங்க.

அந்த மாதிரி விட்டுட்டு வர்றவங்க எக்ஸ்ரேவ லைட்ல தூக்கிப் பாத்தா, மெல்லிசா ஒரு கோடு மட்டும் தெரிய வேண்டிய எடத்துல மேல் சுருளச் சுத்தி வெள்ளையா ஒரு கட்டி, கீழ மூத்திரப்பைக்குள்ள முட்டை மாதிரி இன்னொரு கட்டி, நடுவுல டியூப் ரெண்டு துண்டா ஒடைஞ்சு கூட கெடக்கும். நாளான பிளாஸ்டிக் வளையாது, ஒடையும். மேல் சுருள் உப்புல இறுகிப் போச்சுன்னா இழுத்தா நிமிராது, பலமா இழுத்தா யூரேட்டரே கிழிஞ்சு கையோட வந்துடும், அதனால எந்த டாக்டரும் அப்படி இழுக்க மாட்டாங்க. மூத்திரப்பைல இருக்குற கல்ல தனியா உடைக்கணும், குழாய்க்குள்ள கேமரா விட்டு லேசர் பண்ணணும், முதுகுல ஓட்டை போட்டு கிட்னில இருக்குறத எடுக்கணும், ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு ஆபரேஷன் ஆயிடும். கிட்னி வேலை செய்றத நிறுத்திட்டு, அத எடுத்தே போட வேண்டிய நிலைமைக்கு வர்றவங்களும் உண்டு. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை அது.

அந்த அஞ்சு நிமிஷத்துக்குப் பயந்துதான் பாதி பேர் தள்ளிப் போடுறாங்க, அதனால அத கொஞ்சம் விவரமா சொல்லிடுறேன். பெரியவங்களுக்கு பெரும்பாலும் மயக்க மருந்து தேவையே இல்ல. படுக்க வச்சு, ஒண்ணுக்கு போற வழியில மரத்துப் போற ஜெல்லிய ஊத்தி கொஞ்ச நேரம் விடுவாங்க, ஜில்லுன்னு இருக்கும். அப்புறம் மெல்லிசான கேமராவ உள்ள விடுவாங்க, அதோட தண்ணியும் உள்ள போறதால அவசரமா ஒண்ணுக்கு வர்ற மாதிரி ஒரு உணர்ச்சி வரும். மூத்திரப்பைக்குள்ள சுருண்டு கெடக்குற முனைய சின்ன இடுக்கியால புடிச்சு அப்படியே இழுப்பாங்க, ஒரு வழுக்கல் மாதிரி இருக்கும், அவ்வளவுதான், டியூப் வெளிய வந்துடும். ஆம்பளைங்களுக்கு ஒண்ணுக்கு போற வழி நீளம்ங்கிறதால கொஞ்சம் அதிகமா தெரியும், பொம்பளைங்களுக்கு அத விட ஈஸி. வளையுற கேமரா இருக்குற எடத்துல இன்னும் ஈஸி. கொழந்தைங்களுக்கு மட்டும் லேசா மயக்கம் குடுத்து எடுப்பாங்க. சில ஸ்டென்ட்ல நூல் கட்டி வெளிய விட்டிருப்பாங்க, அதுக்கு கேமராவே வேணாம், நூல புடிச்சு இழுத்தா வந்துடும், ஆனா அது தப்பித் தவறி மாட்டி இழுபடாம பாத்துக்கணும். எடுத்த அன்னைக்கு நீர்க்கடுப்பு, லேசா ரத்தம், சில பேருக்கு சில மணி நேரம் இடுப்புல புடிச்ச மாதிரி வலி இருக்கும், தண்ணி குடிச்சு டாக்டர் குடுத்த மாத்திரைய போட்டா அடங்கிடும்.

உள்ள இருக்குறப்ப வர்ற தொந்தரவு பத்தியும் சொல்லணும், ஏன்னா அது தெரியாம ராத்திரி 2 மணிக்கு பயந்து ஓடுறவங்க இருக்காங்க. ஸ்டென்ட் வச்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு, 80 சதவீதம் வரைக்கும்னு ஆய்வுகள் சொல்லுது, ஏதோ ஒரு தொந்தரவு இருக்கும். அடிக்கடி போகத் தோணும், போய் முடிச்சும் முடியாத மாதிரி இருக்கும், கீழ் முனை மூத்திரப்பைய உரசுறதுதான் காரணம். யூரின் போறப்ப விலாவுக்குக் கீழ சுருக்குன்னு வலிக்கும், வழக்கமா மூத்திரப்பைல இருந்து யூரின் மேல ஏறாம தடுக்குற அமைப்ப இந்த டியூப் திறந்து வச்சிருக்கு, அதனால முக்குறப்ப கொஞ்சம் மேல திரும்பிப் போகுது. நடந்தா, மாடி ஏறினா, பைக்ல போனா யூரின் செவப்பா போகலாம், ஒரு நாள் தெளிவா அடுத்த நாள் செவப்பா மாறி மாறி வரும். தண்ணி நல்லா குடிங்க, ரெஸ்ட் எடுங்க, அடங்கலன்னா டாம்சுலோசின் மாதிரி மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கத் தேவையில்ல. எரிச்சலுக்குக் குடுக்குற ஒரு வகை மாத்திரையில யூரின் ஆரஞ்சு கலரா போகும், அத ரத்தம்னு நெனச்சுக்காதீங்க.

ஆனா வெடவெடன்னு நடுங்கி குளிர் ஜுரம் வந்தா, கட்டி கட்டியா ரத்தம் போனா, யூரினே வராம நின்னு போனா, தாங்க முடியாத வலி விடாம இருந்தா, இல்ல திடீர்னு யூரின் கட்டுப்பாடில்லாம சொட்டிக்கிட்டே இருந்தா காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. சுகர் இருக்குறவங்க ஜுரத்த இன்னும் சீரியஸா எடுத்துக்கணும்.

டிஸ்சார்ஜ் ஆகுறப்பவே பில் கவுன்ட்டர்ல நிக்குற அவசரத்துக்கு நடுவுல ஒரு நிமிஷம் ஒதுக்கி கேட்டுடுங்க: ஸ்டென்ட் இருக்கா, எந்தப் பக்கம், ஒண்ணா ரெண்டா, எந்த தேதியில எடுக்கணும், எடுக்குற செலவு இந்த பேக்கேஜ்லயே சேந்ததா தனியா கட்டணுமா. ரெண்டு பக்கமும் வச்சிருந்தா ரெண்டையும் எடுத்தாங்களான்னு எடுத்த அன்னைக்கும் கேளுங்க. அந்த வரிய ஃபோன்ல போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, உங்க மறதிக்கு உங்க பொண்ணோ மருமகனோ ஞாபகப்படுத்துவாங்க. வயசான அப்பா அம்மாவுக்கு வச்சிருந்தா தேதிய காலண்டர்ல பெருசா வட்டம் போட்டு எழுதுங்க, அவங்க கேக்க மாட்டாங்க, நாமதான் கூட்டிட்டுப் போகணும். வெளிநாடு கெளம்புறீங்கன்னா டிக்கெட்டுக்கு முன்னாடி எடுத்துடுங்க, முடியாதுன்னா டிஸ்சார்ஜ் சம்மரிய கையோட கொண்டு போய் அங்க இருக்குற யூராலஜி டாக்டர்கிட்ட எடுங்க, வச்ச ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல.

எப்பவோ கல்லு ஆபரேஷன் பண்ணோம், ஸ்டென்ட் வச்சாங்களா எடுத்தாங்களான்னே ஞாபகம் இல்லைன்னு உங்க வீட்ல யாராவது இருந்தா, கேயூபின்னு சொல்ற வயித்து எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துப் பாருங்க. இந்த டியூப எக்ஸ்ரேல தெரியுற மாதிரியேதான் செய்றாங்க, அரசு ஆஸ்பத்திரியிலயே எடுத்துக்கலாம், இருக்கா இல்லையான்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். இருந்துச்சுன்னா யாரும் திட்டுவாங்கன்னு பயந்து திரும்ப தள்ளிப் போடாம அந்த எக்ஸ்ரேவோட நேரா யூராலஜி ஓபிக்கு போங்க.